சூளைப்பக்கம் நகர்ந்த நாள்

டாஸ் போடும் நேரத்தில் ஆல்டர்க்ளஃப் கால்பந்து மைதானத்தில் டீக்கடைகூட வாயை மூடிக்கொள்ளும். வேறு ஊர்களில் ஜனம் அப்போதுதான் பட்டாணிக் கூழுக்கு வரிசையில் நிற்கும். இங்கே நாணயம் எந்தப் பக்கம் விழுந்தது என்று தெரியும்வரை கரண்டி அசையாது.

பெவர்லி ஆர்மராட் கையில் மரச் சுத்தியலோடு, சூளைப்பக்கம் என்கிற கோல் முனையில், பழைய சூளைச் சுவருக்கு முன்னால் கம்பியோரம் நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பழைய இரும்புத் தள்ளுவண்டி, கவிழ்த்துப் போட்டு, கம்பியோடு சங்கிலியால் கட்டியிருந்தது. ஊரில் செங்கல் சூளை எரிந்த காலத்து வண்டி. மற்ற ஊர்க்காரர்களுக்கு மேளம் என்றால் ஆல்டர்க்ளஃப் ரசிகர்களான செங்கல்காரர்களுக்கு இது. ஓங்கி ஒரு அடி வைத்தால் நெஞ்செலும்பு அதிரும். பெவ் பகலில் கிடங்கில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவள். அவள் கைக்கு அந்தச் சுத்தியல் விளையாட்டுச் சாமான்.

"சுத்தியல ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருக்க," என்றாள் நஸ்ரீன். அதே கிடங்கில் வேலை, பக்கத்து லாக்கர், இங்கேயும் பக்கத்து இடம்.

"குளிருடி."

"ஏப்ரல் மாசத்துல?"

"உனக்குக் குளிரலையா?"

"நான் காலையிலேந்து நாலு டீ குடிச்சுட்டேன். அதான் வெளிய தெரியல."

பதறாமல் என்ன செய்வது. சீசனின் கடைசி ஆட்டம். இன்று வென்றால் ஆல்டர்க்ளஃப் மேல் பிரிவுக்குப் போகும். கிளப் பிறந்து நூற்று முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட எட்டிப் பார்க்காத இடம். எதிரே ராதர்லி. அவர்களுக்குச் சமன் போதும். சமன் ஆனால் அவர்கள் மேலே, இவர்கள் இங்கேயே. அணியின் கேப்டன் பெவ்வின் தம்பி டீன். முப்பத்து நாலு வயது, கூரை வேயும் வேலை, ஒரு முட்டியில் இரண்டு அறுவைச் சிகிச்சை. இந்த ஆட்டத்தோடு பூட்ஸைக் கழற்றப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும்.

நடுவர் நாணயத்தைச் சுண்டினார். குனிந்து பார்த்தார். வென்ற கேப்டனின் தோளைத் தட்டினார்.

டீன் கையை நீட்டினான். சூளைப்பக்கத்தை நோக்கி.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அவன் தங்களுக்கு வணக்கம் சொல்கிறான் என்று நினைத்து நாலு பேர் கைதட்டவும் செய்தார்கள். பிறகு இரண்டு அணியும் இடம் மாறி நின்றபோது கைதட்டல் அப்படியே செத்தது. ஆல்டர்க்ளஃபின் செங்கல் நிறச் சட்டைகள் முகத்தை இந்தப் பக்கம் வைத்து நின்றன. முதல் பாதியிலேயே சூளைப்பக்கத்துக் கோலை நோக்கி அடிக்கப்போகிறார்கள்.

"ராதர்லிக்காரன் டாஸ் ஜெயிச்சுட்டான்யா," என்றார் ஹெட்லி. ரொட்டி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். சூளைப்பக்கத்தின் வழக்கம் எது, வம்பு எது என்று தீர்ப்புச் சொல்கிற ஆள். "நம்மளத் திருப்பி விட்டுட்டான், திருட்டுப் பய."

"அவன் இல்ல பெருசு," என்றாள் நஸ்ரீன். "ரெஃபரி தட்டினது டீன் தோள. நான் பாத்தேன்."

"வாயக் கழுவு."

"நீங்க கண்ணக் கழுவுங்க."

பெவ்வும் பார்த்திருந்தாள்.

இரண்டாம் பாதியில்தான் சூளைப்பக்கம் நோக்கி அடிக்க வேண்டும். அது ஆல்டர்க்ளஃபின் சட்டம். சூளை எரிந்த காலத்தில் நெருப்பை விட்டுவிட்டு மேட்ச் பார்க்க எவனும் வர முடியாது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து, முகமெல்லாம் செம்மண்ணும் கரியுமாக, சூளைக்காரர்கள் பின்சுவர் வாசல் வழியாக வந்து சேரும்போது பாதி ஆட்டம் முடிந்திருக்கும். அந்தக் காலத்துக் கேப்டன் ஒருவன், அவனும் செங்கல் சுமந்தவன்தான், ஒரு ஏற்பாடு செய்தான்: ஆளுங்க வந்த பிறகு, ஆளுங்க கண் முன்னாடி கோல் விழட்டும். அன்றிலிருந்து டாஸ் வென்ற எந்தக் கேப்டனும் அதை மாற்றியதில்லை. சூளைக்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே எரிகிற சூளையின் சூடு முதுகில் ஏறும். நின்ற இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். சூளை அணைந்து நாற்பது வருஷம் ஆன பிறகும், குளிர்ந்துபோன அதே சுவரில் சாய்ந்துகொண்டு, சூளைப்பக்கம் நகராது என்று பேரன்மார் பாடுகிறார்கள்.

எதிரணி டாஸ் வென்று வேண்டுமென்றே திருப்பிவிட்டால் அதற்கும் ஒரு பதில் உண்டு. வண்டியில் மூன்று அடி. மொத்தக் கூட்டமும் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கும், முதல் கார்னர் விழும்வரை. அவமானத்துக்கு அவமானம்.

ஆனால் சொந்தக் கேப்டனே திருப்பினால்?

எண்ணூறு முகம் பெவ்வைப் பார்த்தது. சுத்தியல் அவள் கையில்தான் இருந்தது.

"உன் தம்பி," என்றார் ஹெட்லி மெதுவாக. "நீ அடிக்கலன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டோம் புள்ள."

அந்தப் பேச்சுதான் அவளைக் கிளப்பிவிட்டது. இரக்கப்பட்டு யாராவது பேசினால் அவளுக்குப் பிடிக்காது. "வண்டிக்குத் தம்பி கிடையாது," என்றாள். ஓங்கி மூன்று அடி வைத்தாள். எண்ணூறு பேரும் திரும்பினார்கள். நடு மைதானத்தில் டீனின் தலை ஒருமுறை இந்தப் பக்கம் நிமிர்ந்ததை, திரும்புகிற கடைசி நொடியில் அவள் பார்த்தாள்.

விசில் ஊதியது.

ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நிற்பது எவ்வளவு கொடுமை என்று நின்றவனுக்குத்தான் தெரியும். காதுதான் கண். பூட்ஸ் சத்தம், பந்து அடிபடும் சத்தம், ராதர்லிக்காரர்களின் கூச்சல். காற்று வேறு எதிர்க்கோலுக்குப் பின்னால் ஓடும் கால்வாய்ப் பக்கத்திலிருந்து அடித்து எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டு வந்து பிடரியில் கொட்டியது. பெவ் எதிரிலிருந்த கரிச்சுவரை முறைத்தாள். கார்னர் விழு, கார்னர் விழு, என்று பல்லைக் கடித்தாள்.

"பக்கவாட்டுல நமக்கு ஃப்ரீ கிக்," என்றாள் நஸ்ரீன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

நஸ்ரீன் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோ ஓடவிட்டிருந்தாள், தன்னைத் தானே படம் எடுக்கிறவள் மாதிரி. அவள் தோளுக்கு மேலே மைதானம் முழுக்கத் தெரிந்தது.

"அது ஏமாத்து," என்றார் ஹெட்லி.

"மூஞ்சி சுவரப் பாத்துதான இருக்கு? சட்டத்துல கண்ணாடி கூடாதுன்னு இருக்கா?"

"இப்ப எழுதிடறேன்."

"எழுதுங்க. அதுக்குள்ள... ஐயோ, தூக்கிட்டான், காத்து ஏத்துது, பந்து வருது, வருது—"

பெவ்வின் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் வலை சடசடவென்று அதிர்ந்தது. அந்தச் சத்தம் அவளுக்கு அம்மா குரல் மாதிரி தெரிந்த சத்தம். கோல்.

எண்ணூறு தொண்டையும் சுவரைப் பார்த்துக் கத்தியது. செங்கல்லைக் கட்டிப்பிடித்தான் ஒருவன். பக்கத்தில் இருந்தவனை முத்தமிட்டான் இன்னொருவன். பெவ்வின் கழுத்து பாதி திரும்பிவிட்டது.

"திரும்பாத," என்று ஹெட்லி அதட்டினார், கண்ணில் நீர் வழிய. "கார்னர் இன்னும் விழல."

"கோல் விழுந்துடுச்சே பெருசு."

"கோலா கேட்டோம்? கார்னர் கேட்டோம்."

"யாருடி அடிச்சது?" என்றாள் பெவ்.

நஸ்ரீன் திரையை உற்றுப் பார்த்தாள். கைப்பேசியைத் தாழ்த்தினாள். "உன் தம்பிதான். தலையால. கம்பியோரம் வந்து நிக்கிறான், உன்னப் பாத்துக்கிட்டு."

பெவ்வின் முதுகு தீப்பிடித்த மாதிரி ஆனது. பதினாறு வயதிலிருந்து அவன் போட்ட ஒவ்வொரு கோலையும் பார்த்தவள். இதை மட்டும் பார்க்கவில்லை. பத்தடியில் நிற்கிறவனுக்கு முகம் காட்டவும் வழியில்லை. அவன் போய்விட்டான்.

கார்னர் அதற்கப்புறம்தான் விழுந்தது. எல்லோரும் திரும்பினார்கள். சூளைப்பக்கத்தில் அதற்குமேல் கோல் விழவில்லை. கம்பத்தில் இரண்டு முறை பட்டது, கோட்டின்மேல் ஒருமுறை ராதர்லிக்காரன் தடுத்தான். பாதி முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ராதர்லியின் உயரமான ஆள் எதிர்ப்பக்கத்தில் ஒன்றைத் திணித்தான். ஒன்றுக்கு ஒன்று. இடைவேளை.

பெவ் சுத்தியலை நஸ்ரீன் கையில் திணித்துவிட்டு உடைமாற்றும் கொட்டகைப் பக்கம் ஓடினாள். மற்றவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். டீன் கடைசியில் நொண்டிக்கொண்டு வந்தான்.

"டேய்."

"முதுகு நல்லா இருந்துச்சுக்கா. புதுக் கோட்டா?"

"செருப்பால அடிப்பேன். எதுக்குடா இப்படிப் பண்ணின?"

"காத்து," என்றான். மூச்சு வாங்கியது. "காலையில கூரை மேல நின்னு பாத்தேன். மேற்கால மழை கட்டுது. மழை வந்தா காத்து செத்துடும். ரெண்டாவது பாதிக்கு எடுத்து வச்சா அங்க ஒண்ணும் இருக்காது. இருக்கும்போதே எடுத்துக்கணும்னு எடுத்தேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, அவள் மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. கொடிகள் தொங்கிப்போயிருந்தன. பையன் சொன்னது சரி. கோபத்தில் பாதி அவளிடமிருந்து இறங்கியது. அந்த இடத்தில் வேறொன்று ஏறியது.

"கால்வாய மறந்துட்டியேடா," என்றாள்.

டீன் திரும்பிக் கால்வாய்ப் பக்கத்துக் கோலைப் பார்த்தான். அந்தப் பக்கம் கூரை இல்லை, படி இல்லை. இடுப்புயரச் சுவர், ஒரு நடைபாதை, அப்புறம் தண்ணீர். இரண்டாம் பாதி முழுக்க ராதர்லி அந்தக் கோலைக் காத்து நிற்பார்கள். சமன் போதும் அவர்களுக்கு. கையில் கிடைத்த பந்தையெல்லாம் கால்வாயில் அடிப்பார்கள். நீளக் கம்பில் வலை கட்டி அதை மீன் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வருவதற்குள் ஆட்டம் ஆறிப்போகும். வழக்கப்படி ஆடியிருந்தால் எந்த எதிரணியும் இரண்டாம் பாதியில் அங்கே கோல் காக்க வேண்டியிருக்காது. நூறு வருஷமாக அந்த வழக்கம் இந்த வேலையையும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது யாருக்கும் உறைக்கவில்லை.

டீனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "அக்கா, நான்—"

"உள்ள போ. டீ குடி. கால்வாய நான் பாத்துக்கறேன்."

திரும்பி ஓடினாள். தள்ளுவண்டியின் மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. அந்தப் பக்கம் போறோம். சுவரோரமா நிக்கறோம். வர்ற ஒவ்வொரு பந்தையும் தண்ணில விழாம பிடிச்சுத் திருப்பிப் போடறோம்."

யாரும் அசையவில்லை. மழை கூரைத் தகரத்தில் பொரிய ஆரம்பித்தது.

"சூளைப்பக்கம் நகராது," என்றார் ஹெட்லி.

"தெரியும்."

"போருக்கே நகரல. சூளைய மூடினப்பவும் நகரல."

"பெருசு, அவங்க ஏன் நகரலன்னு சொல்லுங்க பாப்போம்."

"அது மரியாத."

"மரியாதயும் இல்ல மண்ணும் இல்ல. விடிகாலையிலேந்து சூளை வாயில நின்னு வெந்துட்டு வந்தவங்க. மைதானத்தச் சுத்தி நடக்கத் தெம்பில்ல. அதனால நின்னாங்க. நமக்கென்ன கேடு? கால் இருக்குல்ல?"

"நாம போனா அவனுங்க இங்க வந்து நிப்பானுங்க," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "நம்ம கூரைக்கடியில."

"நிக்கட்டும். நனையாம நின்னு தோக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கியது. நஸ்ரீன் அதற்குள் குனிந்து சங்கிலிக் கொக்கியைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த கொக்கி நாலாவது அடியில் விட்டது. பெவ் கீழே குதிக்க, இரண்டு பேர் வண்டியை நிமிர்த்தினார்கள். எத்தனையோ வருஷமாக வானத்தைப் பார்த்துக் கிடந்த சக்கரம் தரையில் பட்டதும் கிறீச்சென்று கத்தியது. பெவ் கைப்பிடிகளைப் பற்றித் தள்ளினாள். பின்னால் எண்ணூறு பேர் இறங்கினார்கள்.

ஹெட்லி மட்டும் சுவரில் சாய்ந்தபடி இருந்தார்.

"வாங்க பெருசு."

"ஒருத்தனாவது நிக்கணும்," என்றார். "நீ போ புள்ள. பந்தப் பிடி. நான் சுவரப் பிடிக்கறேன்."

மைதானத்தின் பக்கவாட்டில் இரண்டு கூட்டமும் எதிரெதிரே வந்தன. கூரைக்கு ஓடி வந்த ராதர்லிக்காரர்களுக்கு நம்ப முடியவில்லை.

"எங்கம்மா போறீங்க, வீட்டுக்கா?" என்றான் ஒரு தடியன். "இன்னும் பாதி ஆட்டம் இருக்கு."

"இடம் சூடா இருக்கு, போய் உக்காரு ராசா," என்றாள் நஸ்ரீன். "அங்க ஒரு பெருசு நிக்கும், கடிக்காது. நீ வாயத் திறக்காத வரைக்கும்."

"தள்ளுவண்டி எதுக்கு? தோத்தப்புறம் உங்க கேப்டன அள்ளிட்டுப் போகவா?"

"உங்க கண்ணீர அள்ள," என்றாள் பெவ். "வாளி பத்தாது."

கால்வாய்ப் பக்கத்தில் போய் நிற்கும்போது எல்லோரும் தொப்பலாகிவிட்டார்கள். சுவரோரம் தோளோடு தோள் ஒட்டி ஒரு வரிசை, அதன் பின்னால் இன்னொன்று, நடைபாதை முழுக்க. அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் கட்டட வேலைக்காரர்கள். வரிசையாக நின்று செங்கல்லைக் கைக்குக் கை வீசி மாற்றிப் பழகியவர்கள். பெவ் வண்டியைக் கவிழ்த்து ஒரு அடி வைத்தாள். சத்தம் தண்ணீரில் பட்டு அக்கரையிலிருந்து திரும்பி வந்தது. அந்தப் பக்கம் அந்த வண்டி இத்தனை சத்தம் போடும் என்று யாருக்கும் தெரியாது.

ராதர்லி அவர்கள் நினைத்தபடியே ஆடினார்கள். முதல் பந்தே வானத்துக்குப் போனது. கால்வாய்க்கு என்று கிளம்பிய பந்தை இரண்டாம் வரிசையில் ஒரு கொத்தனார் நெஞ்சில் வாங்கினார். கை, கை, கை, கை. ராதர்லி தடுப்பாளன் பெருமூச்சு விட்டுக் காலுறையை இழுத்துவிட்டுக்கொள்ளக் குனிந்திருந்தான். நிமிர்ந்தபோது பந்து கார்னர் கொடியின் அடியில் உட்கார்ந்திருந்தது. அவன் கண்ணைக் கசக்கிப் பார்த்தான்.

அப்புறம் நிற்க நேரமில்லை. அடித்தான், வந்தது. அடித்தான், வந்தது. ஒன்றை ஒரு பெண் சமையல் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி வயிற்றோடு அணைத்துப் பிடித்தாள். ஒன்று நஸ்ரீன் தலையில் பட்டு எகிறியது. "நான் நல்லாத்தான் இருக்கேன், ஆட்டத்தப் பாருங்கடி," என்று சேற்றிலிருந்து கத்தினாள். ராதர்லிக்காரர்கள் மூச்சு வாங்க விரும்பினார்கள். மூச்சு வாங்க விடாமல் பந்து திரும்பத் திரும்ப வந்தது. அவர்களின் கால்கள் கனத்துப்போவது சுவரோரத்திலிருந்தே தெரிந்தது. பெவ்வின் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. வண்டியை அடிப்பதை நிறுத்தவில்லை.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

டீன் ஓடவில்லை, இழுத்துக்கொண்டிருந்தான். அந்த முட்டி இனிமேல் வளையாது என்று அவளுக்குத் தெரிந்தது. கடைசியாக ஒருமுறை பந்து கோல் முன்னால் கூட்டத்துக்கு நடுவே விழ, ராதர்லி தடுப்பாளன் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தான். பந்து தாழ்வாக, குண்டு மாதிரி, நேராக அவளை நோக்கி வந்தது. ஒதுங்க இடமில்லை, ஒதுங்கும் எண்ணமும் இல்லை. சுத்தியலைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். வண்டியின் மேல் மல்லாந்து விழுந்தாள். பந்து மட்டும் நெஞ்சோடு இருந்தது.

எழுந்தபோது கார்னர் கொடியருகே நின்றது டீன். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. கையை நீட்டினான்.

கைக்குக் கை மாற்ற நேரமில்லை. செங்கல் வீசுகிற மாதிரி, இடுப்பிலிருந்து, ஒரே வீச்சு. அவன் கையில் போய் விழுந்தது.

ராதர்லி இன்னும் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தது. தங்கள் ஆளை எண்ணிக்கொண்டு, இடம் பார்த்து நின்றுகொள்ளலாம் என்ற நினைப்பில். டீன் பந்தை வைத்தான், வைத்த கையோடே அடித்தான். நல்ல காலால், கெட்ட முட்டியின்மேல் நின்றுகொண்டு. பந்து வளைந்து போனது. லெனாக்ஸ், பார்சல் வண்டி ஓட்டும் பையன், அந்தச் சந்தடியில் அவன் ஒருவன்தான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியைக் கொடுத்தான்.

பெவ் பார்த்தாள். பந்து நெற்றியை விட்டுக் கிளம்பியதையும், கோல்காரனின் விரலைத் தாண்டியதையும், வலை நிறைந்ததையும், வலையிலிருந்த மழைநீர் வெள்ளைப் புகை மாதிரி சிதறியதையும் முழுசாகப் பார்த்தாள்.

அதற்கப்புறம் என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்ல யாராலும் முடியாது. சுவர் ஒன்று இருந்ததை மறந்தார்கள். மூன்று பேர் கால்வாயில் விழுந்தார்கள், ஒருவன் தானாகக் குதித்தான். மீண்டும் பந்தை நடுவில் வைத்து, இரண்டு உதை உதைத்து, விசில் ஊதியது எல்லாம் வேறு ஏதோ ஊரில் நடந்த மாதிரி இருந்தது. டீன் கொடியருகிலேயே சேற்றில் உட்கார்ந்திருந்தான். பெவ் அவனிடம் போய்ச் சேர்ந்தபோது அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"இதையாவது பாத்தியாக்கா?"

"பாத்தேன்டா."

"மொத கோல் இதவிட நல்லா இருந்துச்சு."

"நஸ்ரீன் கைப்பேசியில கேட்டு வாங்கிப் பாக்கறேன். எந்திரி."

எழுந்திருக்க முடியவில்லை அவனால். வண்டியை நிமிர்த்திக் கொண்டுவந்து அவனை அதில் ஏற்றினார்கள். தடியன் சொன்னது பலித்துவிட்டது என்று நஸ்ரீன் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மைதானத்தைச் சுற்றிச் சக்கரம் கிறீச்சிட, எண்ணூறு பேரும் பின்னால் பாடிக்கொண்டு வர, பெவ்தான் தள்ளினாள்.

சூளைப்பக்கத்தில் ராதர்லிக்காரர்கள் வாய் திறவாமல் கலைந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே, சுவரில் முதுகு ஒட்டி, தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு ஹெட்லி தனியாக நின்றார்.

"இவனுங்க கொடிய என் மூஞ்சிக்கு நேரா பிடிச்சுட்டானுங்க," என்றார். "சத்தம் மட்டும் கேட்டுச்சு. யாரு அடிச்சது?"

பெவ் வண்டியை அவர் காலடியில் நிறுத்தினாள்.

"கொஞ்சம் நகருங்க பெருசு," என்றாள். "உக்காந்து சொல்றோம்."

ஹெட்லி நகர்ந்து இடம் விட்டார்.